ஜியானி ரிவேராவும் அந்த ஆறு நிமிடங்களும்

1970-ஆம் ஆண்டு ஜூன் 21. மெக்சிகோ நகரத்தின் அஸ்டெக்கா மைதானம். உலகக் கோப்பையின் இறுதியாட்டம். பிரேசில் 3, இத்தாலி 1. ஆட்டம் முடிய இன்னும் ஆறே நிமிடங்கள்தான் இருக்கின்றன. அந்த நேரத்தில் இத்தாலியின் பயிற்சியாளர் ஒரு மாற்று ஆட்டக்காரரை உள்ளே அனுப்புகிறார். அவர் பெயர் ஜியானி ரிவேரா.

அந்தத் தேதியில் ஐரோப்பாவின் சிறந்த கால்பந்து வீரர் என்ற பட்டம் இந்த ரிவேராவிடம்தான் இருந்தது. நான்கு நாட்களுக்கு முன்பு இதே மைதானத்தில் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக வெற்றி கோலை அடித்து இத்தாலியை இறுதியாட்டத்துக்குக் கொண்டுவந்தவரும் இவர்தான். அப்படிப்பட்டவருக்குக் கிடைத்தது ஆறு நிமிடம்! அவர் உள்ளே வந்த பிறகு பிரேசில் நான்காவது கோலையும் அடித்தது. 4-1 என்று ஆட்டம் முடிந்தது.

இத்தாலியக் கால்பந்து ரசிகர்கள் இன்றுவரை இந்த ஆறு நிமிடங்களைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒரு பயிற்சியாளருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் விஷயம் அவ்வளவு சுலபமில்லை. ரிவேராவின் இருபது ஆண்டு ஆட்ட வாழ்க்கையையும் முழுதாகப் பார்த்தால்தான் அந்த ஆறு நிமிடங்கள் எங்கிருந்து வந்தன என்பது புரியும்.

பதினைந்து வயது அறிமுகம்

ஜியானி ரிவேரா 1943 ஆகஸ்ட் 18-ல் வட இத்தாலியின் அலெசாந்திரியா என்ற ஊரில் பிறந்தார். அப்பா ரயில்வே தொழிலாளி. இரண்டாம் உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரம் அது. போர் முடிந்து நாடு மெல்ல எழுந்து நின்றபோது, தெருவில் பந்து உதைத்து வளர்ந்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர்.

அவர் ஊர் அணியும் அப்போது இத்தாலியின் முதல் டிவிஷன் லீக்கான சீரி ஏ-யில் ஆடிக்கொண்டிருந்தது. 1959 ஜூன் 2 அன்று இன்டர் மிலானுக்கு எதிரான ஆட்டத்தில் அலெசாந்திரியா அணிக்காக ரிவேரா களம் இறங்கினார். அப்போது அவருக்கு வயது 15! நம் ஊரில் பத்தாம் வகுப்பு எழுதும் வயது. அடுத்த சீசன் முழுவதும் அதே அணிக்கு ஆடினார். 1960-ல் ஏ.சி. மிலான் அவரை வாங்கிக்கொண்டது. அதே ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் இத்தாலி அணியிலும் இடம் பிடித்தார். அந்த அணி அரையிறுதியில் யூகோஸ்லாவியாவுடன் சமநிலை செய்து, கடைசியில் குலுக்கலில் தோற்றது. இறுதியில் நான்காம் இடம்தான் கிடைத்தது.

பத்திரிகைகள் அவருக்கு "தங்கப் பையன்" என்று பெயர் வைத்தன. ஒல்லியான உடம்பு, அமைதியான முகம், இரண்டு காலாலும் ஒரே துல்லியத்தோடு அடிக்கிற திறமை. முரட்டுத்தனமாக மோதிப் பந்தைப் பறிக்கிற வேலை அவருக்கு வராது. ஆனால் பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே அதை யாருக்கு, எந்த இடைவெளியில் தள்ளுவது என்று முடிவு செய்து வைத்திருப்பார். மற்றவர்கள் பந்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் காலி இடத்தைப் பார்ப்பார். நடுக்களத்தில் நின்று ஆட்டத்தையே இயக்குகிற இப்படிப்பட்டவரைத்தான் பிளேமேக்கர் என்கிறோம்.

தாழ்ப்பாள் போட்ட நாட்டில் ஒரு கலைஞர்

ரிவேரா வளர்ந்த காலத்து இத்தாலியக் கால்பந்தைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அப்போது அங்கே கோலோச்சிய உத்தியின் பெயர் கதெனாச்சோ. இத்தாலிய மொழியில் கதவின் தாழ்ப்பாள் என்று அர்த்தம். எதிரணியின் ஒவ்வொரு ஃபார்வர்டுக்கும் ஒரு ஆள் ஒட்டிக்கொள்வான். அவர்கள் எல்லோருக்கும் பின்னால் காவலாக இன்னொருவன் நிற்பான். கோல் விடக்கூடாது என்பது முதல் விதி. ஒரு கோல் அடித்துவிட்டால் கதவைச் சாத்திவிட வேண்டியதுதான்.

இந்த உத்தியில் ஒவ்வொரு ஆளும் ஓடவேண்டும், தடுக்கவேண்டும். தடுக்காத ஒருவர் அணியில் இருந்தால் அவருடைய வேலையையும் யாராவது சேர்த்துச் செய்தாக வேண்டும். அதனால் ரிவேரா வந்த நாளிலிருந்தே நாடு இரண்டாகப் பிரிந்தது. அவர் ஒரு மேதை என்றது ஒரு கட்சி. அவர் ஒரு ஆடம்பரச் செலவு என்றது இன்னொரு கட்சி. இரண்டாவது கட்சியின் பெரிய குரல், பத்திரிகையாளர் ஜியானி பிரேரா. இத்தாலிய விளையாட்டு எழுத்தின் மொழியையே மாற்றியமைத்தவர் அவர். ரிவேராவுக்கு அவர் வைத்த பட்டப்பெயர் "அபத்தீனோ". குட்டிச் சாமியார் என்று சொல்லலாம். அழகாக இருப்பார், மென்மையாக இருப்பார், ஆனால் போருக்கு உதவமாட்டார் என்பது அதன் உட்பொருள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இத்தாலியில் கதெனாச்சோவை வளர்த்தெடுத்த முக்கியமான பயிற்சியாளர்களில் ஒருவர் நெரெயோ ரொக்கோ. திரியெஸ்தே ஊர்க்காரர். பருத்த உடம்பும் கரகரப்பான பேச்சுமாக இருப்பவர். தாழ்ப்பாள் போடுவதில் கில்லாடியான இந்த மனிதர்தான் ரிவேராவை முழுசாக நம்பினார்! 1961-ல் மிலானுக்குப் பயிற்சியாளராக வந்த ரொக்கோ, அந்த இளைஞரை ஓடச் சொல்லி வதைக்கவில்லை. அவரைச் சுற்றி ஓடுகிறவர்களை நிறுத்தினார். எதிரணியின் முக்கிய ஆட்டக்காரரை அடக்குவதற்கு ஜியோவானி திரப்பத்தோனி இருந்தார். பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற பயிற்சியாளரான அதே திரப்பத்தோனிதான். நடுக்களத்தில் பம்பரமாய்ச் சுற்றுவதற்கு ஜியோவானி லொதெத்தி இருந்தார். ரிவேராவின் நுரையீரல் என்றே லொதெத்தியைச் சொல்வார்கள். இவர் ஓடிப் பந்தைப் பிடுங்கிக் கொடுப்பார், அவர் அதை வைத்து ஆட்டத்தைத் திறப்பார்.

விளைவு உடனே தெரிந்தது. 1962-ல் மிலான் லீக் பட்டத்தை வென்றது. 1963 மே 22 அன்று லண்டனின் வெம்ப்ளி மைதானத்தில் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம். எதிரில் யூசேபியோ ஆடிய போர்ச்சுகலின் பென்ஃபிகா. முந்தைய இரண்டு ஆண்டுகளும் கோப்பையை வென்ற அணி அது. யூசேபியோ முதல் கோலை அடித்தார். அதற்குப் பிறகு மிலானின் அல்தஃபீனி இரண்டு கோல் அடிக்க, 2-1 என்று வெற்றி. ஐரோப்பியக் கோப்பையை வென்ற முதல் இத்தாலிய கிளப் என்ற பெருமை மிலானுக்குக் கிடைத்தது. ரிவேராவுக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. அந்த ஆண்டு ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான பாலோன் தோர் விருதில் இரண்டாம் இடம் பெற்றார். முதலிடம் சோவியத் கோல்கீப்பர் லெவ் யாஷினுக்கு.

கொரியாவிடம் விழுந்த அடி

கிளப்பில் எல்லாம் சரியாகப் போனாலும் தேசிய அணியில் கதை வேறு. 1962 சிலி உலகக் கோப்பையில் ரிவேரா ஒரே ஒரு ஆட்டம்தான் ஆடினார். இத்தாலி முதல் சுற்றோடு வீடு திரும்பியது. 1966-ல் இங்கிலாந்தில் நடந்தது அதைவிட மோசம்.

அந்த ஆண்டு ஜூலை 19 அன்று மிடில்ஸ்பரோவில் வட கொரியாவோடு ஆட்டம். பெயர் தெரியாத அணி, எளிதில் ஜெயித்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ரிவேராவும், இன்டர் மிலானின் நட்சத்திரமான சாந்த்ரோ மட்சோலாவும் அன்று ஒன்றாகவே ஆடினார்கள். ஆட்டத்தின் முதல் பாதியில் இத்தாலியின் புல்காரெல்லி காயம்பட்டு வெளியேறினார். அப்போது உலகக் கோப்பையில் மாற்று ஆட்டக்காரரை இறக்க விதி கிடையாது. மீதி ஆட்டம் முழுவதும் இத்தாலி பத்துப் பேரோடு ஆடியது. பாக் டூ இக் அடித்த ஒரே கோலில் வட கொரியா ஜெயித்தது. ஊர் திரும்பிய அணியை ஜெனோவா விமான நிலையத்தில் ரசிகர்கள் தக்காளியால் வரவேற்றார்கள்.

அந்த மாற்று ஆட்டக்காரர் விதியைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான்கு ஆண்டுகளில் அந்த விதி மாறப்போகிறது. மாறிய விதி ரிவேராவின் வாழ்க்கையையே மாற்றப்போகிறது.

உச்சம்

1963-ல் மிலானை விட்டுப் போன ரொக்கோ 1967-ல் திரும்பி வந்தார். அதோடு ரிவேராவின் பொற்காலமும் ஆரம்பித்தது. 1968-ல் லீக் பட்டம். அதே ஆண்டு ஐரோப்பியக் கோப்பை வென்றோர் கோப்பை. 1968-ல் இத்தாலி தன் மண்ணில் ஐரோப்பிய சாம்பியன் பட்டத்தையும் வென்றது. சோவியத் யூனியனோடு நடந்த அரையிறுதியில் இரு அணிகளும் கோல் அடிக்கவில்லை, நாணயம் சுண்டித்தான் இத்தாலி ஜெயித்தது. அதில் ஆடிக் காயம்பட்ட ரிவேராவால் இறுதியாட்டத்தில் ஆட முடியவில்லை.

1969 மே 28 அன்று மாட்ரிட்டில் மீண்டும் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம். இம்முறை எதிரணி அயாக்ஸ். இளம் யோஹான் குரைஃப் ஆடிய அணி. மிலான் 4-1 என்று நொறுக்கியது. பிராத்தி மூன்று கோல் அடித்தார். அன்று ரிவேரா ஆடிய ஆட்டத்தை அவருடைய வாழ்நாளின் சிறந்த ஆட்டங்களில் ஒன்றாகச் சொல்வார்கள்.

ஐரோப்பாவின் சாம்பியனும் தென் அமெரிக்காவின் சாம்பியனும் மோதும் கோப்பையில் அடுத்து அர்ஜென்டினாவின் எஸ்தூதியாந்தெஸ் அணி. மிலானில் 3-0 என்று ஜெயித்துவிட்டு, அக்டோபர் 22-ல் புவெனஸ் அயர்ஸ் போனார்கள். அங்கே நடந்ததைக் கால்பந்து என்று சொல்வது கஷ்டம். மிலானின் கொம்பினுக்கு மூக்கு உடைந்தது. எஸ்தூதியாந்தெஸ் வீரர்கள் மூன்று பேர் பிறகு சிறைக்கே போனார்கள். உதையும் குத்துமாக நடந்த அந்த ஆட்டத்தில், கோல்கீப்பரைத் தாண்டிப் போய் கோல் அடித்தவர் யார் தெரியுமா? போருக்கு உதவாத அந்தக் "குட்டிச் சாமியார்"தான்! 2-1 என்று அந்த ஆட்டத்தில் தோற்றாலும் மொத்தக் கணக்கில் கோப்பை மிலானுக்கு வந்தது.

அந்த ஆண்டின் பாலோன் தோர் விருது ரிவேராவுக்குக் கிடைத்தது. அவருக்கு 83 புள்ளிகள். இரண்டாம் இடம் வந்த சக இத்தாலியர் லூயிஜி ரீவாவுக்கு 79. 1961-ல் இத்தாலிக்கு ஆடிய சீவோரி இந்த விருதை வாங்கியிருக்கிறார், ஆனால் அவர் அர்ஜென்டினாவில் பிறந்தவர். இத்தாலியில் பிறந்து இந்த விருதைப் பெற்ற முதல் வீரர் ரிவேராதான்.

மெக்சிகோ: தொடர் ஓட்டம்

இப்படியொரு ஆண்டை முடித்துவிட்டு மெக்சிகோ போன ரிவேராவுக்கு முதல் ஆட்டத்தில் இடம் இல்லை!

பயிற்சியாளர் ஃபெரூச்சோ வால்கரேஜ்ஜியின் பிரச்சினை இதுதான். அணியில் முன்வரிசைக்கு ரீவா, போனின்சேன்யா, தொமெங்கினி இருந்தார்கள். நடுக்களத்திலிருந்து தாக்குதலை நடத்த ஒருவருக்குத்தான் இடம் என்று அவர் நினைத்தார். இருந்ததோ இரண்டு பேர். ரிவேரா, மட்சோலா. மட்சோலா வேகமானவர், ஓயாமல் ஓடுபவர். 1949 சுப்பெர்கா விமான விபத்தில் இறந்த தொரீனோ அணித் தலைவர் வாலெந்தீனோ மட்சோலாவின் மகன். ரிவேரா மிலானின் தலைவர், மட்சோலா இன்டரின் நட்சத்திரம். ஒரே நகரத்தின் இரண்டு கட்சிகள். யாரை எடுத்தாலும் மறுபாதி கொதிக்கும்.

போட்டி ஆரம்பிக்கும் முன்பே குழப்பம் தொடங்கிவிட்டது. அனஸ்தாசி காயம்பட்டதால் அவருக்குப் பதிலாகப் போனின்சேன்யா, பிராத்தி என்று இரண்டு ஃபார்வர்டுகளை வரவழைத்தார்கள். ஒருவருக்கு இரண்டு பேர் வந்தால், ஏற்கெனவே இருந்த ஒருவர் போயாக வேண்டும். யாரை அனுப்பினார்கள் தெரியுமா? லொதெத்தியை! ரிவேராவுக்காக ஓடுவதையே வேலையாக வைத்திருந்த மனிதர். நுரையீரலை ஊருக்கு அனுப்பிவிட்டு, மூச்சு வாங்குகிறது என்று குறை சொன்னால் எப்படி? ரிவேரா பத்திரிகைகளிடம் வெடித்தார். குழுத் தலைவர் வால்தர் மந்தெல்லியோடு மோதல் முற்றி, அவர் ஊருக்கே திரும்பிவிடுவார் என்ற நிலை. அவரைச் சமாதானப்படுத்த இத்தாலியிலிருந்து ரொக்கோவை விமானத்தில் வரவழைக்க வேண்டியிருந்தது.

முதல் சுற்றில் இத்தாலி மூன்று ஆட்டத்தில் அடித்தது மொத்தம் ஒரே கோல். ஸ்வீடனை 1-0 என்று வென்றது, உருகுவேயோடும் இஸ்ரேலோடும் 0-0. இஸ்ரேல் ஆட்டத்தின் இரண்டாம் பாதியில்தான் ரிவேரா முதன்முதலாகக் களத்தைப் பார்த்தார்.

கால் இறுதியில் மெக்சிகோ. அங்கேதான் வால்கரேஜ்ஜி தன் புகழ்பெற்ற தீர்வைக் கையில் எடுத்தார். 1970 உலகக் கோப்பையில்தான் முதன்முதலாக ஒரு அணி இரண்டு மாற்று ஆட்டக்காரர்களை இறக்கலாம் என்ற விதி வந்திருந்தது. 1966-ல் இந்த விதி இல்லாமல்தான் இத்தாலி பத்துப் பேரோடு கொரியாவிடம் தோற்றது. காயத்துக்கு மருந்தாக வந்த விதியை வால்கரேஜ்ஜி வேறொரு நோய்க்குப் பயன்படுத்தினார். முதல் பாதி மட்சோலா, இரண்டாம் பாதி ரிவேரா! முதலில் ஓடுபவர் எதிரணியைக் களைப்படையச் செய்யட்டும், பிறகு யோசிப்பவர் வந்து முடிக்கட்டும். இத்தாலியர்கள் இதற்கு "ஸ்தஃபெத்தா" என்று பெயர் வைத்தார்கள். தொடர் ஓட்டம் என்று அர்த்தம். கையில் இருக்கும் கோலை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு நின்றுவிடுகிற அதே ஓட்டம்.

சும்மா சொல்லக்கூடாது, அந்தத் தீர்வு வேலை செய்தது. மெக்சிகோவோடு இடைவேளையில் 1-1. ரிவேரா உள்ளே வந்தார். ரீவா இரண்டு, ரிவேரா ஒன்று. ஆட்டம் 4-1.

ஜூன் 17: நூற்றாண்டின் ஆட்டம்

அரையிறுதியில் மேற்கு ஜெர்மனி. போனின்சேன்யா எட்டாவது நிமிடத்திலேயே கோல் அடித்துவிட்டார். இடைவேளையில் வழக்கம்போல மட்சோலா வெளியே, ரிவேரா உள்ளே. இத்தாலி கதவைச் சாத்திக்கொண்டு ஜெயித்துவிடும் என்று எல்லோரும் நினைத்தபோது, கடைசி நிமிடத்தில் ஷ்னெல்லிங்கர் கோல் அடித்துச் சமன் செய்தார். இவர் மிலானில் ரிவேராவோடு சேர்ந்து ஆடிக்கொண்டிருந்த டிஃபென்டர்!

கூடுதல் அரை மணி நேரம். கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே, மூச்சுத் திணறும் உயரத்தில் இரண்டு அணிகளும் எல்லாவற்றையும் மறந்து ஆடின. தோள்பட்டை விலகிய பெக்கன்பவர் கையை உடம்போடு கட்டிக்கொண்டு ஆடினார். ஜெர்மனியும் இரண்டு மாற்றுகளையும் பயன்படுத்திவிட்டிருந்தது. 94-வது நிமிடம் கெர்ட் முல்லர், ஜெர்மனி முன்னிலை. 98-ல் புர்னிச், சமநிலை. 104-ல் ரீவா, இத்தாலி முன்னிலை. 110-ல் கார்னர் ஒன்றிலிருந்து முல்லர் மறுபடி தலையால் தட்டினார். கோல்கம்பத்தை ஒட்டிக் காவலுக்கு நின்றிருந்தவர் ரிவேரா. பந்து அவருக்கும் கம்பத்துக்கும் நடுவில் நுழைந்து உள்ளே போய்விட்டது! 3-3. கோல்கீப்பர் அல்பெர்தோசி அவரைத் திட்டித் தீர்த்தார். தடுக்கத் தெரியாதவர் என்று பத்தாண்டுகளாகச் சொல்லிவந்தவர்களுக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

ஆனால் அடுத்து நடந்ததுதான் கதை. பந்தை நடுவில் வைத்து ஆட்டம் மீண்டும் தொடங்கியது. இடது பக்கம் ஓடிய போனின்சேன்யா பந்தை உள்ளே தள்ளினார். அங்கே ஓடி வந்து சேர்ந்தவர் ரிவேரா. ஓடமாட்டார் என்று பெயரெடுத்த அதே ரிவேரா. கோல்கீப்பர் மையர் ஒரு பக்கம் சாய, இவர் வலது காலால் நிதானமாக மறுபக்கம் தட்டிவிட்டார். 111-வது நிமிடம். 4-3. தன் தவறுக்கு ஒரே நிமிடத்தில் பரிகாரம்!

கூடுதல் நேரத்தில் மட்டும் ஐந்து கோல்கள் விழுந்த இந்த ஆட்டத்தை "நூற்றாண்டின் ஆட்டம்" என்கிறார்கள். அஸ்டெக்கா மைதானத்தின் வெளியே இதற்காக ஒரு நினைவுப் பலகையே பதித்திருக்கிறார்கள்.

ஆறு நிமிடம்

நான்கு நாள் கழித்து இறுதியாட்டம். எதிரில் பெலேயின் பிரேசில். மட்சோலாவே தொடங்கினார். பெலேயின் கோலுக்குப் போனின்சேன்யா பதிலடி கொடுக்க, இடைவேளையில் 1-1. தொடர் ஓட்டத்தின்படி இப்போது ரிவேரா வரவேண்டும். வரவில்லை. மட்சோலா நன்றாக ஆடிக்கொண்டிருந்தார், ஸ்கோரும் சமநிலையில் இருந்தது. வால்கரேஜ்ஜி கை வைக்கப் பயந்தார்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லத்தான் வேண்டும். இத்தாலிய வீரர்களின் கால்கள் 120 நிமிட அரையிறுதியில் களைத்துப் போயிருந்தன. ஓடாத ஒருவரை அப்போது இறக்கினால் நடுக்களத்தில் ஜெர்சன் இஷ்டம்போல ஆடுவார் என்று அவர் நினைத்திருக்கலாம். ஆனால் ரிவேரா இல்லாமலேயே ஜெர்சன் இஷ்டம்போலத்தான் ஆடினார்! 66-வது நிமிடத்தில் கோலும் அடித்தார். 71-ல் ஜெய்ர்சினோ. அதற்குப் பிறகும் முதல் மாற்றாக வந்தவர் ரிவேரா இல்லை, யூலியானோ. ரிவேரா வந்தது 84-வது நிமிடத்தில். அதுவும் மட்சோலாவுக்குப் பதிலாக அல்ல, கோல் அடித்த போனின்சேன்யாவுக்குப் பதிலாக. ஆக, இருவரும் சேர்ந்து ஆட முடியாது என்று சொல்லிவந்த அதே பயிற்சியாளர், தோற்றுப்போன பிறகு ஆறு நிமிடம் இருவரையும் சேர்த்தே ஆடவைத்தார்.

ரிவேரா முழு ஆட்டமும் ஆடியிருந்தால் இத்தாலி ஜெயித்திருக்குமா? அந்தப் பிரேசிலை எவருமே ஜெயித்திருக்க மாட்டார்கள் என்பதுதான் பெரும்பாலோர் கருத்து. உலகக் கோப்பை வரலாற்றின் மிகச் சிறந்த அணி அது. ஆனால் இத்தாலிய மக்களைக் கோபப்படுத்தியது தோல்வி அல்ல, முயற்சிகூடச் செய்யவில்லையே என்பதுதான். உலகக் கோப்பையில் இரண்டாம் இடம் பிடித்துத் திரும்பிய அணிக்கு ரோம் விமான நிலையத்தில் காத்திருந்தது மாலை மரியாதை அல்ல, ஆத்திரக் கூட்டம். மந்தெல்லியும் வால்கரேஜ்ஜியும் போலீஸ் பாதுகாப்போடு வெளியேற வேண்டியிருந்தது.

நட்சத்திரத்துக்காகப் பத்தாண்டு

மெக்சிகோவுக்குப் பிறகும் ரிவேரா ஒன்பது ஆண்டுகள் ஆடினார். இத்தாலியில் பத்து முறை லீக் பட்டம் வென்ற கிளப், சட்டையில் ஒரு தங்க நட்சத்திரம் பொறித்துக்கொள்ளலாம். 1968-ல் மிலான் வென்றது ஒன்பதாவது பட்டம். பத்தாவது வரவே மாட்டேன் என்றது. 1971, 1972, 1973 என்று தொடர்ந்து மூன்று முறை இரண்டாம் இடம்! 1972-ல் நடுவர்களை நியமிக்கும் முறையையே பகிரங்கமாக விமர்சித்துத் தடையும் வாங்கினார் ரிவேரா. 1973-ல் 17 கோல் அடித்து, லீக்கில் அதிக கோல் அடித்தவர் என்ற இடத்தை வேறு இருவரோடு பகிர்ந்துகொண்டார். அந்த ஆண்டு மே 16-ல் சலோனிக்காவில் லீட்ஸ் அணியை வென்று ஐரோப்பியக் கோப்பை ஒன்றும் கிடைத்தது. ஆனால் நான்கே நாளில், லீக்கின் கடைசி ஆட்டத்தில் களைத்துப்போன மிலான் வெரோனாவிடம் 5-3 என்று தோற்றது. பட்டம் ஒரே புள்ளியில் யுவென்டஸுக்குப் போயிற்று.

1974 உலகக் கோப்பையில் பயிற்சியாளர் அதே வால்கரேஜ்ஜி. இந்த முறை ரிவேராவும் மட்சோலாவும் ஆரம்பத்திலிருந்தே சேர்ந்து ஆடினார்கள். ஹெய்டிக்கு எதிராக ரிவேரா கோலும் அடித்தார். ஆனால் இருவருக்கும் முப்பது வயது தாண்டிவிட்டது. அர்ஜென்டினாவோடு சமநிலைக்குப் பிறகு ரிவேராவை நீக்கினார்கள். போலந்திடம் தோற்று இத்தாலி வெளியேறியது. 60 ஆட்டம், 14 கோலோடு ரிவேராவின் தேசிய அணி வாழ்க்கை முடிந்தது. மட்சோலாவுக்கும் அதுவே கடைசி.

1977-ல் இத்தாலியக் கோப்பை இறுதியாட்டத்தில் மிலான் இன்டரை 2-0 என்று வென்றது. மட்சோலா ஆடிய கடைசி ஆட்டம் அதுதான். தொடர் ஓட்டத்தின் இரண்டு ஓட்டக்காரர்களும் கடைசியாகச் சந்தித்துக்கொண்டது எதிரெதிர்ப் பக்கங்களில்.

பத்தாவது பட்டம் கடைசியில் 1979-ல் வந்தது. பயிற்சியாளர், ஸ்வீடன்காரரான நீல்ஸ் லீட்ஹோம். ரிவேராவுக்கு அப்போது வயது 35. ரொக்கோ அதைப் பார்க்க இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் அவர் காலமானார். மே 6 அன்று சான் சிரோ மைதானத்தில் போலோன்யா அணியோடு ஆட்டம். ஒரு புள்ளி கிடைத்தால் பட்டம் உறுதி. ஆனால் பாதுகாப்பில்லை என்று மூடி வைத்திருந்த பார்வையாளர் பகுதிக்குள் கூட்டம் புகுந்துவிட்டது. அவர்கள் வெளியேறாமல் ஆட்டம் தொடங்காது. அறிவிப்புகளுக்கு யாரும் அசையவில்லை. அப்போது ரிவேரா மைக்கைக் கையில் வாங்கிக்கொண்டு ரசிகர்களிடம் பேசினார். கூட்டம் நகர்ந்தது. ஆட்டம் தொடங்கி 0-0 என்று முடிந்தது. மிலான் சட்டையில் நட்சத்திரம் ஏறியது. அந்த சீசனோடு ரிவேரா ஓய்வு பெற்றார். மிலானுக்காக 658 ஆட்டங்கள், 164 கோல்கள்.

பிறகு மிலானின் துணைத் தலைவராக இருந்தார். 1987-ல் நாடாளுமன்ற உறுப்பினரானார். 1996 முதல் 2001 வரை பாதுகாப்புத் துறையில் துணைச் செயலாளராகவும், 2005 முதல் 2009 வரை ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார்.

கேள்வி தப்பு

ரிவேராவோடு இந்த விவாதம் முடிந்துவிடவில்லை. 1998 உலகக் கோப்பையில் ராபர்ட்டோ பாஜ்ஜியோவா, தெல் பியரோவா என்று அதே சண்டை. அப்போதும் ஒருவருக்குப் பதில் ஒருவர் என்ற அதே தீர்வு. அப்போதைய பயிற்சியாளர் செசாரே மல்தீனி. 1963-ல் வெம்ப்ளியில் ரிவேரா ஆடிய மிலான் அணியின் தலைவர்!

மாறாக 2006-ஐப் பாருங்கள். ஆந்த்ரேயா பிர்லோவும் பெரிதாக ஓடிப் பறிப்பவர் அல்ல. ஆனால் அவர் பக்கத்தில் மிலானிலும் தேசிய அணியிலும் ஜென்னாரோ கத்தூசோ இருந்தார். லொதெத்தி ரிவேராவுக்குச் செய்ததை கத்தூசோ பிர்லோவுக்குச் செய்தார். அரையிறுதியில் மறுபடியும் ஜெர்மனி, மறுபடியும் கூடுதல் நேரம். 119-வது நிமிடத்தில் எதிரணி வீரர்களுக்கு நடுவே பிர்லோ பார்க்காமலே தள்ளிய பந்தை குரோசோ கோலாக்கினார். இத்தாலி உலகக் கோப்பையை வென்றது.

இருபது ஆண்டுகள் இத்தாலி ரிவேராவைப் பார்த்துக் கேட்ட கேள்வி, "இவர் ஓடுவாரா?" என்பது. ரொக்கோ கேட்ட கேள்வி, "இவருக்காக யார் ஓடுவது?" என்பது. ரொக்கோவுக்கு விடை கிடைத்தது, கோப்பைகளும் கிடைத்தன. வால்கரேஜ்ஜி கெட்டவரும் இல்லை, முட்டாளும் இல்லை. 1968-ல் ஐரோப்பியப் பட்டம் வாங்கித் தந்தவர். ஆனால் இரண்டு நல்லவர்களில் யாரையும் இழக்கக்கூடாது என்று இருவரையும் பாதிப் பாதியாக வெட்டினார். எல்லோரையும் திருப்திப்படுத்தும் தீர்வுகள் சாதாரண நாட்களில் நன்றாகவே வேலை செய்யும். முடிவெடுத்தே ஆகவேண்டிய நாளில்தான் அவற்றின் விலை தெரியும். 1970-ல் அந்த விலை ஆறு நிமிடம்.